எங்கள் வீட்டில் இல்லாத மாடிப்படி

எங்கள் வீடு ஒற்றை அறை வீடு. மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நாலு விரல் உயரம்கூடக் கிடையாது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்துவிடும். மாடி இல்லாத வீட்டுக்குப் படிக்கட்டு எதற்கு? ஆனால் அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், என் தங்கை காலை ஏழு மணிக்கு வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் நொறுங்கியதாக எழுதியிருக்கிறது. எழுதிய டாக்டர் மேல் குற்றம் இல்லை. சொன்னது நான். கீழே கையெழுத்துப் போட்டதும் நான். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்ற திமிரில் முத்து முத்தாக வேறு போட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பக்கம் எங்கள் ஊர். நானும் தங்கையும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் அறையில் வேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூச்சட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்போம். தங்கையைக் கட்டிக்கொண்டவன் கைப்பிள்ளையோடு அவளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த இடம் இன்றுவரை தெரியாது. அதிலிருந்து அவளும் மகளும் என்னோடுதான். அவளுடைய வேலை வேகத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். நான் ஒரு பெட்டி முடிப்பதற்குள் அவள் இரண்டாவது பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

எங்களை ஏற்ற கம்பெனி வேன் வரும். பதினாலு பேர் உட்காருகிற வேனில் இருபத்தாறு பேர் போவோம். ஊருக்கு ஒழுங்கான பஸ் ஸ்டாப் இருக்கிறது. ஆனால் வேன் அங்கே நிற்காது. வளைவில் இருக்கிற வேப்பமரத்தடியில்தான் நிற்கும், டிரைவருக்கு அங்கேதான் தோது. பின்கதவு வழியாக ஏற வேண்டும். ஏறி முடிகிறவரை பாதிப் பேர் தார் ரோட்டில்தான் நிற்போம். வேனின் பின்விளக்கு எரிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். தினமும் தெரிந்துகொண்டே ஏறினோம்.

அன்றைக்கு நான் முதலில் ஏறிவிட்டேன். தங்கை ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தோளுக்குப் பின்னால் அந்த வண்டியைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி லோடு ஏற்றிய குட்டியானை. வளைவில் திரும்பி நேராக எங்களைப் பார்த்து வந்தது. "ஏ புள்ள" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, தூக்குவாளியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை. வேன் படிக்கும் அந்த வண்டியின் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே அவள் வலது முழங்கால் மாட்டிக்கொண்டது.

அந்த டிரைவர் ஓடிப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நாற்பது வயது இருக்கும், பக்கத்து ஊர்க்காரன். அவனே இறங்கி ஓடிவந்து, ரோட்டில் போன ஆட்டோவை மறித்து, அவளைத் தூக்கி வைத்து, எங்களோடு ஏறிக்கொண்டான். வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டே வந்தான். "போன் வந்துச்சுக்கா. ஒரு நிமிசம் குனிஞ்சுட்டேன். ஒரே நிமிசந்தேன்" என்று அழுதான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என் மடியில் தங்கை தலை வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"வீட்டுல மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா சார்" என்றேன்.

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கம்பெனி ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. என் வாய் தானாகச் சொன்னது.

இதைப் புரியவைக்க நான் கம்பெனிக்குப் போன முதல் வாரத்துக்குப் போக வேண்டும். அந்த வாரம் வெடிமருந்து அறையில் ஒரு பெண்ணுக்குக் கையில் தீப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எங்கள் போர்மேன் சிறு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். "கையில பட்டா அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லணும். சீலையில பத்துனா வெளக்கு தட்டிருச்சுன்னு சொல்லணும். கை காலு ஒடஞ்சா மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லணும். கம்பெனிப் பேரு வாயில வந்துச்சு, நாளைக்கு அதிகாரி வந்து சீல் வச்சுட்டுப் போயிருவான். அப்புறம் இம்புட்டுப் பேரு குடும்பமும் சீசன் முடியுற வரைக்கும் தெருவுல நிக்கணும், பாத்துக்கிடுங்க." அப்படி உண்மையைச் சொன்ன ஒரு வீட்டோடு எங்கள் தெருவே பேச்சை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் நானும் ஒருத்தி. பிறகு எத்தனையோ பேரோடு துணைக்குப் போய், இதே ஆஸ்பத்திரியில், இதே பதிவேட்டின் முன்னால், வாய் கூசாமல் அடுப்பென்றும் விளக்கென்றும் மாடிப்படியென்றும் சொல்லியிருக்கிறேன். படித்தவள், பயப்படாமல் பேசுவாள் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. தூ!

ஆனால் அன்றைக்கு நடந்தது ரோட்டில். இடித்தது எவனுடைய வண்டியோ. கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இடித்தவனே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "நான்தான் சார் இடிச்சேன்" என்று சொல்ல வாயைத் திறந்தவன், நான் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். செத்த முகத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. டாக்டர் எழுதி முடிப்பதற்குள் ஆளைக் காணோம். ஸ்ட்ரெச்சரில் கிடந்த தங்கை வலியோடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அக்கா சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் போர்மேன் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "நல்லவேளைத்தா. வேனுக்குப் பின்லைட்டும் இல்ல, எப்.சி.யும் முடிஞ்சுபோச்சு. போலீசு வந்தா நம்ம வண்டியத்தான் மொதல்ல நோண்டுவான். நீ கெட்டிக்காரி" என்றார். நானும் அந்தப் பழத்தை உரித்துத் தங்கைக்கு ஊட்டினேன்.

காலில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முட்டி மட்டும் மடங்கவில்லை. கால் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது. எலும்பு டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். மதுரையில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்க வாய்ப்பு உண்டு, வருஷத்துக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும், செலவு பெரிது. தரையில் உட்கார முடியாத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனியில் வேலை? பேக்கிங், லேபிள், தீப்பெட்டி, எல்லாமே சம்மணம் போட்டுத்தான். வீட்டில்கூட அவளால் பிள்ளையை மடியில் போட முடியவில்லை. அந்த முட்டி மடங்க வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், நஷ்டஈடு கேட்கலாம் என்று யாரோ சொல்லித்தான் வக்கீலிடம் போனோம். அதற்குள் மூன்று மாதம் ஓடியிருந்தது. வக்கீல் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கிப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, ஒங்க கம்பெனிப் பேச்சே இதுல வராதே. ரோட்டுல நடந்ததை ரோட்டுல நடந்துச்சுன்னு சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரியில இருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கும். அன்னைக்கே கேஸ் ஆயிருக்கும். கட்டப்போறது இன்சூரன்ஸ்காரன். அந்த டிரைவர் வீட்டுக் காசுகூடக் கெடையாது" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த ஏரியாவுல மட்டுந்தாம்மா இத நான் பாக்குறேன். மத்த ஊர்ல வீட்டுல வழுக்கி விழுந்துட்டு, ரோட்டுல அடிபட்டேன்னு கேஸு போட வாராக. நீங்க ரோட்டுல அடிபட்டுட்டு, வீட்டுல விழுந்தேங்கிறீக!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். மூன்று மாதம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். நாலு தடவை அலைய விட்டுத்தான் புகாரை வாங்கினார்கள். ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தானே அந்த டிரைவர், அவன் இப்போது தேறியிருந்தான். "என் வண்டி அன்னைக்கு அந்தப் பக்கமே போகல" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவனை என்ன சொல்ல? தப்பிக்கிற வழியை அவன் கையில் எடுத்துக் கொடுத்தவளே நான்தானே. வேனில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "எங்களை இழுத்துவிட்டுறாத தாயி" என்று கும்பிட்டார்கள். ஆட்டோக்காரர் யாரென்றும் தெரியவில்லை. ஆக, கேஸுக்கு இருந்தது தங்கையின் வாய்ச்சொல்லும் என் வாய்ச்சொல்லும்தான். அதில் என் வாய்ச்சொல்லின் யோக்கியதை பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

வக்கீல் கைவிடவில்லை. எங்கள் வீட்டை உள்ளும் புறமும் போட்டோ எடுக்க வைத்தார். "வீட்டுல படியே இல்லேன்னு காட்டிருவேன். நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும். ஆனா ஏன் அந்தப் பொய்யச் சொன்னேன்னு கேப்பாக. அப்ப உள்ளதச் சொல்லணும். கம்பெனியில காயம்பட்டா இப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்காக, அந்தப் பழக்கத்துல வாய் தவறிருச்சுன்னு சொல்லணும். அந்த ஒரு வரிதாம்மா கேஸு. சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்றேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சோதனை கடுமையாக இருந்தது. எங்கள் கம்பெனி போகிற ரோட்டிலேயே இரண்டு கம்பெனி கேட்டில் சீல் தொங்கியது. தினமும் வேனில் அதைத் தாண்டித்தான் போவோம். அந்த இடம் வந்ததும் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள் போர்மேன் என்னிடம் வந்து, "நாளைக்குக் கோர்ட்டாமே. நீங்க ரெண்டு பொம்பளைங்க தனியா எங்கன போயி நிப்பீக. நானும் தொணைக்கு வாரேன்" என்றார். மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது ஒங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"மாடிப்படியில விழுந்ததா டாக்டர் தானா எழுதிக்கிட்டாரா?"

"இல்லங்க. நான் சொன்னதத்தான் எழுதுனாக."

"போட்டோவுல பாத்தா ஒங்க வீட்டுல படியே இல்லையே. எந்த வீட்டுப் படி?"

"எந்தப் படியும் இல்லங்க. அது பொய்."

"சரி. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு இன்னைக்குச் சொல்றீங்க. கூடப் பொறந்தவ கால் நொறுங்கிக் கெடக்குறப்ப ஏம்மா பொய் சொன்னீங்க? யாரு சொல்லச் சொன்னது?"

இதோ, இந்தக் கேள்விதான். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தாள். வரி நாக்கில்தான் நின்றது. "கம்பெனியில" என்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். என் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, குனிந்து வேட்டிக் கரையை நீவிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டில் தொங்குகிற சீல் தெரிந்தது. வேன் வராத வேப்பமரத்தடி தெரிந்தது. இருபத்துநாலு வீட்டு வாசலிலும் என்னைப் பார்த்துக் காறித் துப்புகிறவர்கள் தெரிந்தார்கள். ஜட்ஜ் ஐயாவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பயப்படாமச் சொல்லும்மா. ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டார். அந்தக் கூண்டில் என்னிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"தெரியலைங்கய்யா" என்றேன்.

கோர்ட்டில் ஒருத்தி சொல்கிற ஒரு வரிக்காக மறுநாளே வந்து கம்பெனியை மூடிவிடுவார்களா? இப்போது யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. எவன் வந்து மூடப்போகிறான்! ஒருவேளை போர்மேன் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். வேறு கம்பெனிக்குப் போயிருப்பேன். என் முட்டிதான் நன்றாக மடங்குகிறதே. அன்றைக்கு இந்தப் புத்தி எங்கே போனது? ரோட்டில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், என் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். அங்கே முதலில் எழுதுகிற அந்த வரி உங்களுக்கு முன்னாலேயே கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கும். எந்த ரோடு, எந்த வண்டி, என்ன நம்பர் என்று நடந்ததைச் சொல்லுங்கள். யாருக்கும் நல்லவளாக இருக்கப் பார்க்காதீர்கள்.

தீர்ப்பு வர இன்னும் ஆறேழு மாதம் ஆனது. அதற்குள் டாக்டர் சொன்ன வருஷமும் முடிந்துபோனது. தீர்ப்பு நாளன்று மனு தள்ளுபடி என்றார்கள். வீட்டில் படி இல்லை என்பது சரி, ஆனால் காயம் சாலையில்தான் ஏற்பட்டது என்று நம்ப ஆதாரம் இல்லை, பொய் சொன்னதாக ஒப்புக்கொள்கிற சாட்சி அதற்குக் காரணமும் சொல்லவில்லை. வக்கீல் வெளியே வந்து, "ஐகோர்ட்டுக்குப் போகலாம்மா" என்றார். தங்கை, "போயி என்னய்யா, கால் இறுகிப்போச்சு" என்றாள். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் போனேன்.

சாட்சிக் கூண்டிலிருந்து நான் இறங்கிய நாள் முதல் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. சோறு வேண்டுமா என்றால் வேண்டும் என்பாள். தண்ணீர் கேட்பாள். பிள்ளைக்குத் தலை பின்னி விடு என்பாள். நான் காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதே வேனுக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். திட்டியிருக்கலாம். செவிட்டில் நாலு அறை விட்டிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தீர்ப்பு கேட்டுத் திரும்பிய பஸ்ஸில் நல்ல கூட்டம். முன் சீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும், "கால மடக்கி உக்காரும்மா, ஆளுக போகணும்ல" என்றார்.

"மடங்காதுண்ணே" என்றாள்.

அவள் பக்கத்தில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாதவர். அவர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, சின்ன வயசுல என்ன தாயி ஆச்சு?" என்று கேட்டார்.

தங்கை ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள். "வீட்டுல மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள்.

"அடக் கொடுமையே. பிடிக்கக் கிடிக்க, கூட யாரும் இல்லையாக்கும்?"

"இருந்தாகளே. எங்க அக்கா பக்கத்துலதான் இருந்தா" என்று சொல்லி, என்னைக் கை காட்டினாள்.